பேய்ப்பனைக் கதையில் விட்டுப்போனது

அழிந்த மரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் கதை இது. 1979இல் மேற்கு வங்கத்தில், சாந்திநிகேதன் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பனை உச்சியில் பெரிய பூங்குலை விட்டது. இது பனையின் பேய் என்று பயந்து ஊர்க்காரர்கள் வெட்டிவிட்டார்கள். அதுதான் இயற்கையில் அறியப்பட்ட கடைசி கோரிஃபா தாலியேரா. இன்று அந்த இனம் தோட்டங்களில் மட்டும்தான் இருக்கிறது. கதை இதோடு முடியும். பழி மூடநம்பிக்கை மேல் விழும்.

எனக்கு இந்த முடிவு போதவில்லை.

முதலாவது, இந்த மரம் பல பத்தாண்டுகள் வளர்ந்து ஒரே ஒரு தடவைதான் பூக்கும், காய்த்ததும் பட்டுவிடும். வெட்டாமல் விட்டிருந்தாலும் செத்திருக்கும். போனது மரமில்லை, விதை. டாக்கா பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற இன்னொரு தாலியேரா 2008இல் பூத்தது. அதற்குக் காய்க்க அவகாசம் கிடைத்தது.

இரண்டாவது, அது ஏன் கடைசி மரமாக நின்றது? மற்றவை எப்படிப் போயின? பயம் ஒரு வெட்டுக்குக் காரணம் சொல்லும், வெறுமையாகிப்போன ஒரு நிலப்பரப்புக்குச் சொல்லாது. பனைமரத்துல பேய் இருக்குன்னு ராஜபாளையம் பக்கமும் பிள்ளைகளைப் பயமுறுத்தத்தான் செய்கிறோம். அதுக்காக யாரும் பனையை வெட்டலை. வெட்டினது செங்கல் சூளைக்கு. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவிக்க வேண்டிவந்ததும் பேயால் அல்ல.

மூன்றாவது, ‘தோட்டத்தில் காப்பாற்றிவிட்டோம்’ என்ற நிம்மதி. ஒரே தாயின் விதைகளை ஒரே வருஷத்தில் நட்டால், எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்துச் சாகும். வேறு வேறு தாய்மரம், வேறு வேறு நடவு ஆண்டு வேண்டும். அதைவிட முக்கியம், விதை தானாக விழுந்து முளைக்க ஓர் இடம். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் (2021) போன்ற காடுகளின் மதிப்பு அங்கேதான். எந்த நந்தவனமும் அதற்கு ஈடாகாது.

தாலியேராவின் நெருங்கிய உறவான குடைப்பனையும் இதே மாதிரி ஒருமுறை பூத்துப் பட்டுப்போவதுதான். நம்ம பக்கத்துத் தோட்டங்களில் யாராவது வைத்திருந்தால் நட்ட வருஷத்தை எழுதி வையுங்கள். பூத்தால் காய் முற்றிப் பழுக்க ஒரு வருஷம் போல ஆகும். அதுவரை அரிவாளை எடுக்காதீங்க.