கூரைக்குக் கீழே ஆடும் நீலப்புள்ளி

காட்டுமன்னார்கோயில் பேருந்து நிலையத்திலிருந்து அண்ணாமலை நகர் மருத்துவமனை வாசல் வரை சுமார் 25 கி.மீ. கைப்பேசி வரைபடம் ஒரு திருப்பமும் தவறாமல் கூட்டிக்கொண்டு போகும். ஓ.பி. சீட்டு வாங்கி உள்ளே நாலு எட்டு வைத்ததும் அந்த நீலப்புள்ளி சாமி வந்ததுபோல ஆடத் தொடங்கும். ஒரு நொடி வார்டுக்குள் நிற்கும், மறு நொடி வெளியே மரத்தடியில் நிற்கும். 20,000 கி.மீ.க்கும் மேலே சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை தரையைத் தொடும்போதே நூலாக இளைத்துப் போயிருக்கிறது. கான்கிரீட் கூரையைத் துளைக்க அதற்குத் தெம்பில்லை. அதற்கப்புறம் நம் பழைய வழிதான்.

"அண்ணே, எக்ஸ்ரே எங்கண்ணே எடுக்குறாங்க?"

"நேரா போயி சோத்தாங்கை பக்கம் திரும்பும்மா. அங்க ஒரு பெஞ்சு கிடக்கும்."

இந்த அண்ணன் வேலையைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள் கட்டடத்துக்குள் இடம் காட்டும் தொழில்நுட்பத்தை விற்பவர்கள். அவர்கள் மூன்று சரக்கை ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறார்கள்: வந்தவருக்கு வழி காட்டுவது, பொருள் இருக்கும் இடத்தைச் சொல்வது, வேலை செய்யும் ஆளைப் பின்தொடர்வது. மூட்டையை மொத்தமாக எடைபோட்டால் கணக்கு தப்பும். பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு நம் பக்கத்தில் பொருத்தமான இடம் மருத்துவமனை. அண்ணாமலை நகரின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2021-ல் கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானது. அப்படிப்பட்ட எந்தப் பெரிய அரசு மருத்துவமனைக்கும் இந்தச் சரக்கு இன்றோ நாளையோ டெண்டராக வரும்.

தொழில்நுட்பம் புதிதல்ல. 1992-ல் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகம் ஒரு பேட்ஜை அறிமுகம் செய்தது. 15 நொடிக்கு ஒரு முறை அகச்சிவப்பு ஒளியில் தன் அடையாளத்தை அது உமிழும், கூரையில் பதித்த உணரி வாங்கிக்கொள்ளும். 2000-ல் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் 'ரேடார்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கட்டடம் முழுக்க நடந்து, எந்த இடத்தில் எந்த வைஃபை எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்று முதலில் குறித்துக்கொள்வது, பிறகு அந்தப் பதிவோடு ஒப்பிட்டு ஆள் நிற்கும் இடத்தைச் சொல்வது. பிழை இரண்டு மூன்று மீட்டர்தான். இன்றைக்கும் பல நிறுவனங்கள் விற்பதன் அடிப்படை இதுவே. புளூடூத் அலையில் தன் அடையாளத்தை அனுப்பும் சிறு கருவியான பீக்கனும், அல்ட்ரா வைட்பேண்ட் சில்லும் பின்னால் சேர்ந்தவை.

இனி முதல் சரக்கு, வழி காட்டுவது. அந்த இரண்டு மூன்று மீட்டர், ஆய்வகக் கட்டடத்தில் அளந்தது. வைஃபை, புளூடூத் இரண்டும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். நோயாளியைப் பார்க்க வீட்டோடு கிளம்பி வருவது நம் வழக்கம். சாயங்காலப் பார்வை நேரத்தில் ஒரு வார்டுக்குள் தூக்குச்சட்டியோடு நுழையும் கூட்டமே நகரும் சுவர்தான். காலையில் காலி வராந்தாவில் எடுத்த பதிவு அப்போது செல்லாது. இரும்புக் கட்டிலை இடம் மாற்றினாலும் பீரோவை நகர்த்தினாலும் பிழை கூடும். போதாக்குறைக்கு, இந்தச் செயலி யாருக்கு மிகவும் தேவையோ அந்தக் கிழவியின் கையில் பட்டன் போன்தான் இருக்கும்.

வழி தெரியாமல் போவதற்கு அலை மட்டும் காரணமில்லை, பெயரும் காரணம். சிதம்பரத்தில் கீழ வீதி, மேல வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி என்று ஊரின் பெயரிலேயே வரைபடம் இருக்கிறது. நடராசர் கோயிலின் நான்கு கோபுரங்களும் திசைப் பெயரோடு நிற்கின்றன. "மேலக் கோபுர வாசல்ல நில்லு" என்றால் படிக்காதவரும் வந்து சேர்வார். தரையில் நாலு நிறக் கோடு, வாசலில் தமிழில் பெரிய எழுத்து, ஒரு விசாரணை மேசை, அதில் எரிந்து விழாத ஓர் ஆள் இருந்தால் போதும், நீலப்புள்ளிக்கு வேலையில்லை. காட்டுமன்னார்கோயில்காரர்களுக்கு இது புதுச் சேதியுமல்ல. தொலைந்த ஆழ்வார் பாசுரங்களைத் தேடிப் போன நாதமுனிகள் அந்த ஊர்க்காரர். அவரும் கேட்டுக் கேட்டுத்தான் குருகூர் போய்ச் சேர்ந்தார் என்கிறது வைணவ மரபு.

இரண்டாவது சரக்கு, பொருள். இதில் என் எதிர்ப்பு குறைகிறது. வீல்சேருக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் காத்திருந்தவர்களுக்கு அந்த நேரத்தின் விலை தெரியும். ஒரு வார்டு எடுத்துப்போன வீல்சேர் இன்னொரு வார்டின் மூலையில் சும்மா கிடக்கும். அதற்கு மீட்டர் கணக்கில் துல்லியம் வேண்டாம், எந்த வார்டு, எந்த மாடி என்று தெரிந்தால் போதும். மலிவான பீக்கனே அதைச் செய்துவிடும். வீல்சேருக்கு அந்தரங்கமும் இல்லை. சிக்கல் பேட்டரியில் இருக்கிறது. பொத்தான் பேட்டரி ஒன்றிரண்டு வருடத்தில் தீரும். அதை மாற்றும் பொறுப்பு ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் மூன்றாம் வருடம் பீக்கன் வெறும் பிளாஸ்டிக். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரையேறியபோது கடலூர் மாவட்டத்தில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படிப்பட்ட நாளிலும் சிலிண்டர் எங்கே என்று சொல்ல ஒரு நோட்டுப் புத்தகம் கூடவே இருக்க வேண்டும்.

பச்சிளங்குழந்தை விஷயத்தில் என் தராசு கொஞ்சம் ஆடுகிறது. மருத்துவமனையிலிருந்து குழந்தை கடத்தப்பட்டால் அதன் உரிமத்தையே நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கண்டிப்பாகச் சொன்னது. தாய்க்கும் சேய்க்கும் ரேடியோ அலையில் அடையாளம் சொல்லும் ஆர்எஃப்ஐடி பட்டை கட்டும் யோசனை நியாயமானதே. ஆனால் பேட்டரி இல்லாத மலிவுப் பட்டையின் அலையை உடம்பு தின்றுவிடும். திருடப் போகிறவள் குழந்தையை மார்போடு அணைத்து முந்தானையால் மூடித்தானே எடுத்துப் போவாள்? வாசலில் இருக்கும் கருவி அப்போது ஊமையாகலாம். வெட்டினாலே கூவும், தானாக அலை அனுப்பும் பட்டை விலை கூடுதல். வாங்குவதானால் அதை வாங்க வேண்டும். மலிவுப் பட்டை தரும் பொய்த் தைரியம், காவலாளியின் கண்ணையும் மூடிவிடும்.

தீ விபத்தைக் காட்டியும் இந்தச் சரக்கை விற்கிறார்கள். அதில் பாதி உண்மை. அமெரிக்காவில் அவசர அழைப்பு வந்த மாடியை அறிய, உயரத்தை 3 மீட்டர் பிழைக்குள் சொல்ல வேண்டும் என்று 2021-லிருந்து விதி இருக்கிறது. ஆனால் 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகியது அவர்கள் இருந்த இடம் தெரியாமலா? கீற்றுக் கூரை, குறுகிய படிக்கட்டு, வெளியேற வழியில்லை. தீயணைப்பு நிலையத்தின் கையில் சரியான தளவரைபடத்தைக் கொடுப்பதும் பூட்டிய கதவைத் திறந்து வைப்பதும் முதல் வேலை.

மூன்றாவது சரக்கை, அதாவது ஆளைப் பின்தொடர்வதை, நான் ஏற்கவில்லை. சண்டிகரில் தூய்மைப் பணியாளர் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள், அவர்கள் போராடினார்கள். கட்டடத்துக்குள் அது இன்னும் நுணுக்கமாகும். செவிலியர் கழிவறையில் எத்தனை நிமிடம் இருந்தார் என்பதுவரை பதிவாகும். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சார்ந்த நோக்கத்துக்காக ஊழியரின் தரவை அவர் ஒப்புதல் இல்லாமலேயே முதலாளி கையாள இடம் தருகிறது. தடுக்கச் சட்டம் கைகொடுக்காத இடத்தில் டெண்டரின் நிபந்தனைதான் கைகொடுக்க வேண்டும். ஒரே செவிலியர் பல பேருக்குப் பொறுப்பாக ஓடும் வார்டில் அவர் எங்கே என்று தேடுவதைவிட இன்னொருவரை வேலைக்கு எடுப்பது உருப்படியான செலவு.

ஆக, என் முடிவு இது: வழிகாட்டும் செயலிக்குப் பணம் வேண்டாம். பொருளுக்கும் சிசுவுக்கும் வாங்கலாம், ஐந்து வருடப் பராமரிப்போடு மட்டும். கொள்முதல் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டியலின் முதல் வரியில் வீல்சேரை எழுதுங்கள், செவிலியரின் மணிக்கட்டை விட்டுவிடுங்கள்.