எட்மண்டனில் ஒரு கப்பிக் கிணறு

என் வீட்டுப் பின்வளவுச் செட்டில் ஒரு கப்பி தொங்குகிறது. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இப்போது நானே எடுக்கிறேன்.

2020 மார்ச் 20 இரவோடு இங்கே இங்கிலாந்தில் ஜிம்களைப் பூட்டச் சொன்னார்கள். டம்பெல் எந்தக் கடையிலும் இல்லை. எனக்கோ வாடகைக் கார் ஓட்டி ஓட்டி வளைந்த முதுகு. நெஞ்சுக்குத் தண்டால் உண்டு, காலுக்குத் தோப்புக்கரணம் உண்டு. இரண்டுக்கும் வெறும் நிலம் போதும். முதுகுக்கு மட்டும் இழுக்க ஏதாவது வேண்டும்.

முதலில் சாப்பாட்டு மேசை. அடியில் மல்லாந்து படுத்து, விளிம்பைப் பிடித்து, நெஞ்சை மேலே தூக்கினேன். அடடா! தோள்பட்டை எலும்புகள் இரண்டும் பின்னால் நெருங்கி வரும் அந்தச் சுகம்! மூன்றாம் நாள் மேசை சரிந்து மீன்குழம்பு என் வயிற்றில். அடுத்தது கதவு. துவாயின் நுனியில் முடிச்சுப் போட்டு, கதவுக்கு மேலால் மறுபக்கம் விட்டு, இறுக மூடி, சாய்ந்து இழுப்பது. அருமையான வேலை. ஆனால் கதவு நம்மை விட்டு அப்பால் திறக்கிற பக்கம்தான் நிற்கவேண்டும். இழுக்க இழுக்க அது நிலையோடு இறுகும். மற்றப் பக்கம் நின்றும் பார்த்தேன். ஒரே ஒரு தடவை.

ஒருநாள் கைகளை மேலே நீட்டிச் சோம்பல் முறிக்கும்போதுதான் பொறி தட்டியது. ஊரில் கிணற்றடியில் நின்று வாளியை இழுத்தேனே, அது என்ன? ஜிம்மில் மாதக் காசு கட்டி, இருக்கையில் அமர்ந்து, தலைக்கு மேலிருந்த கம்பியை இழுத்ததும் அதுதானே!

கப்பி, கயிறு, கொளுக்கி எல்லாம் சேர்த்து 20 பவுணுக்குள் முடிந்தது. செட்டின் வளையில் கொளுவினேன். பாரத்துக்கு 20 லீட்டர் தண்ணீர்க் கான். இதைவிட நல்ல எடைக்கல் உலகத்தில் இல்லை: ஒரு லீட்டர் ஒரு கிலோ. இன்று 12, அடுத்த கிழமை 13, போத்தலால் அளந்து ஊற்றினால் போதும். ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது, திசையை மட்டும் மாற்றும். உராய்வு கொஞ்சம் கூட்டியும் விடும். கைப்பிடிக்குத் தேர்வடம் மாதிரித் தடித்த கயிறு. முதலில் வளையில் நானே தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் கானைக் கட்டினேன்.

மனிசி எட்டிப் பார்த்தா. "உதென்ன, கிணறு வெட்டப் போறியளே?"

ஜிம் பொடியள் ‘விங்ஸ்’ என்று சொல்லும் அகன்ற தசை, இடுப்பெலும்பிலும் கீழ்முதுகிலும் தொடங்கி அக்குளுக்கடியால் ஓடி மேற்கை எலும்பில் போய் ஒட்டுகிறது. அதனால் கையால் இழுக்கிறேன் என்று நினைக்கக்கூடாது. முழங்கையை இடுப்புக்குக் கொண்டுவருகிறேன் என்று நினைக்கவேண்டும். இது பிடிபட்ட அன்று நான் செட்டுக்குள் தனியாக நின்று சிரித்தேன். வெளியே எட்மண்டன் கிரீன் கோபுரக் கட்டடங்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

இடையில் ஒன்று. நம் கர்லாக்கட்டையை 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பார்த்துப் பழகிய வெள்ளைக்காரப் படையினர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அது வளர்ந்து 1904இலும் 1932இலும் ஒலிம்பிக்கில் போட்டியாகவே நடந்தது. கட்டைக்குக் கிடைத்த மரியாதை கப்பிக்குக் கிடைக்கவில்லை என்று எனக்குச் சின்னக் குறை.

2021 ஏப்ரல் 12 ஜிம்கள் மறுபடி திறந்தபோது, கூட்டாளிமார் ஓடினார்கள். நான் செட்டில் நின்றேன். 8 தடவை, 4 சுற்று, கடைசிச் சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு. இப்போது கானை நிரப்பி, மேலே 5 கிலோ அரிசிப்பையும் கட்டுகிறேன். பிம்ஸ் பூங்காக் குளத்தைச் சுற்றி நடக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்து நிற்கிறது!

ஒரு கோடையில் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கான் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

"இவ்வளவு இழுக்கிறாய், வாழைக்கு ஒரு வாளி போகேல்லையே!"

இங்கே வாழை இல்லை. ஆனால் அந்தக் கோடையிலிருந்து, நாலு சுற்றும் முடிந்ததும் கானைத் தக்காளிப் பாத்தியில் கவிழ்த்துவிட்டுத்தான் மறுபடி நிரப்புகிறேன்.