எட்டு ஜோடிக்கு என்ன விலை?

கையில் இரண்டு ஏஸ் விழுந்தால் என்ன செய்வது என்று நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறவர் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஏழும் இரண்டும் விழுந்தாலும் வருவதில்லை. சீட்டை வீசிவிட்டு டீ குடிக்கப் போகலாம். வழக்கெல்லாம் ஆறு ஜோடியிலிருந்து பத்து ஜோடி வரையிலான நடுத்தரக் கைகளில்தான். பார்க்க லட்சணமாக இருக்கும். ஃப்ளாப்பில் மூன்று சீட்டு விரிந்ததும் களை போய்விடும். டோர்னமென்ட்டில் இவற்றை எப்படி ஆடுவது என்பதற்கு மேசைகளில் உலவும் யோசனைகளில் இரண்டுக்குத்தான் பலம் அதிகம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

‘செட் விழுந்தால் ஆடு, விழாவிட்டால் விடு’ என்பது முதல் கட்சி. கையிலுள்ள ஜோடிக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு கிடைக்கும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம். எட்டரை தடவைக்கு ஒரு தடவை. இந்த யோசனைக்குச் சொந்த ஊர் கேஷ் கேம். அங்கே ஒவ்வொருவர் முன்னும் 100, 200 பிக் பிளைண்ட் அளவுக்கு சிப்ஸ் இருக்கும், பிளைண்டும் ஏறாது. இரண்டு பிளைண்ட் கொடுத்து ஏழெட்டு தடவை ஏமாந்தாலும், ஒரு தடவை எதிராளியின் சிப்ஸை மொத்தமாக அள்ளினால் போட்டது திரும்பிவிடும். டோர்னமென்ட்டின் நடுக்கட்டத்தில் 25 பிளைண்ட் வைத்திருப்பவர் சராசரி ஆள். ஒருவர் 2.2 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்ய, நாம் எட்டு ஜோடியோடு கால் செய்கிறோம் என்று வையுங்கள். அதன்பின் அவரிடம் மிஞ்சுவது நாம் போட்டதைப் போல் பத்து மடங்கு. அந்தப் பத்து மடங்கு நம் பக்கம் வர, செட் விழ வேண்டும். அவருக்கும் விட மனம் வராத அளவுக்கு ஏதாவது விழ வேண்டும். ரிவர் வரை நம் செட் தோற்காமல் இருக்க வேண்டும். இவை எல்லாம் கூடி வருவது அபூர்வம் என்பதால்தான், கால் செய்யும் தொகையைப் போல் 15, 20 மடங்காவது எதிராளியிடம் இருந்தால் மட்டுமே செட்டுக்குக் காத்திரு என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். முதல் சில சுற்றுகளுக்குப் பிறகு டோர்னமென்ட்டில் அந்த ஆழம் கிடைப்பதில்லை. பிக் பிளைண்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர் 1.2 பிளைண்ட் சேர்த்தால் போதும். ஆன்டியோடு சேர்த்து 4.7 பிளைண்ட் ஏற்கெனவே நடுவில் கிடக்கிறது. அதை விடுவது கஞ்சத்தனம்.

இந்தக் கட்சியின் பெரிய குறை வேறு. எட்டு ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வரும் வாய்ப்பு 87 சதவீதம். ஏழு ஜோடிக்கு 92, பத்து ஜோடிக்குக்கூட 70. பெரிய சீட்டைக் கண்டதும் விடுகிறவர், கிட்டத்தட்ட வருகிற ஃப்ளாப்பையெல்லாம் விடுகிறார். ஆனால் எதிரே ஏஸ்-ராஜா இருந்தால், அவருக்கும் மூன்றில் இரண்டு முறை ஃப்ளாப்பில் ஜோடி சேராது. ராணியும் ஏழும் நான்கும் விரிந்த ஃப்ளாப்பில் எட்டு ஜோடி பெரும்பாலும் முன்னால்தான் இருக்கிறது. முன்னால் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

அந்தத் தொல்லையே வேண்டாம், ஃப்ளாப்புக்கு முன்பே ஆல்-இன் தள்ளு என்பது இரண்டாவது கட்சி. இதில் நியாயம் அதிகம், ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது. கையில் 12 பிளைண்ட், உட்கார்ந்திருப்பது பட்டனில், இதுவரை எல்லோரும் விலகிவிட்டார்கள். நடுவில் 2.5 பிளைண்ட் சும்மா கிடக்கிறது, நம் சிப்ஸில் ஐந்தில் ஒரு பங்கு. எட்டு ஜோடியோடு தள்ளினால், பின்னால் இருப்பது இரண்டே பேர். ஒருவர் கையில் ஒன்பதோ அதற்கு மேலோ ஜோடி இருக்கும் வாய்ப்பு 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இருவருக்கும் சேர்த்து 6-ஐத் தாண்டாது. ஏஸ்-ராஜாவோடு ஒருவர் கால் செய்தாலும் நமக்கு 55 சதவீதம்போல இருக்கிறது. இதைத் தள்ளாமல் விடுவதுதான் தப்பு. அதே 12 பிளைண்டோடு முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் பின்னால் எட்டுப் பேர். அவர்களில் ஒருவரிடமாவது பெரிய ஜோடி இருக்கும் வாய்ப்பு 21 சதவீதம். பெரிய ஜோடியிடம் சிக்கினால் ஐந்தில் ஒரு முறைதான் பிழைப்போம். சீட்டு மாறவில்லை, சிப்ஸும் மாறவில்லை. நாற்காலி மாறியதற்கே இந்த விலை.

1995-இல் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியை வென்ற டேன் ஹாரிங்டன், பிறகு எழுதிய நூல்களில் சிப்ஸ் எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்பதை முதலில் பார்க்கச் சொன்னார், சீட்டு அப்புறம். சரியான வரிசை. ஆனால் அந்த அளவுகோலுக்குப் பரிசுப் பட்டியல் தெரியாது. பெரிய போட்டியில் ஆட மூன்று இடம் மட்டுமே பரிசாக உள்ள ஒரு சாட்டிலைட்டில் நான்கு பேர், எல்லோரிடமும் சமமான சிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் கையிலும் முக்கால் இடம் இருக்கிறது. ஒருவர் ஆல்-இன் தள்ளுகிறார். கால் செய்து ஜெயித்தால் முக்கால் முழுதாகும், தோற்றால் பூஜ்யம். ஆகவே கால் செய்ய 75 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். அவர் சீட்டைப் பார்க்காமலேயே தள்ளினார் என்று சத்தியம் செய்தாலும், எட்டு ஜோடிக்கு இருப்பது 69 சதவீதம்தான். விட்டுவிட வேண்டியதுதான். அதே எட்டு ஜோடியோடு நாம் முதலில் தள்ளினால், இந்த முட்டுக்கட்டை எதிராளியின் கழுத்தில் விழுகிறது. ஏஸ்-ராஜாவைக்கூட அவர் கண்ணீரோடு வீச வேண்டியிருக்கும்.

பழைய ஆட்டங்களை எடுத்துக்காட்டி வாதிடுகிறவர்களுக்காக இரண்டு கைகளைப் பார்த்துவிடலாம். 2003 பிரதான போட்டியில் ஃபில் ஐவி பத்தாவது ஆளாக வெளியேறியது ஒன்பது ஜோடியோடு. கிறிஸ் மணிமேக்கரிடம் ஏஸ்-ராணி. ஃப்ளாப்பில் ராணி, ராணி, ஆறு. டர்னில் ஒன்பது வந்து ஐவிக்கு ஃபுல் ஹவுஸ். ரிவரில் ஏஸ் வந்து மணிமேக்கருக்கு அதைவிடப் பெரிய ஃபுல் ஹவுஸ். கொடூரமான துரதிர்ஷ்டம் என்று இன்றும் பேசுகிறார்கள். டர்னுக்குப் பின் மணிமேக்கரைக் காப்பாற்ற 44 சீட்டில் ஏழுதான் இருந்தன என்பதும் உண்மை. ஆனால் ஃப்ளாப்பில் விலகாமல் நின்ற ஐவியைக் காப்பாற்ற 45 சீட்டில் இரண்டே ஒன்பதுகள்தான் இருந்தன. அதிர்ஷ்டம் முதலில் அவரிடம்தான் வந்தது. மறு வருடம் கிரெக் ரேமர் பட்டத்தை வென்ற கடைசிக் கை எட்டு ஜோடி. டேவிட் வில்லியம்ஸிடம் ஏஸும் நான்கும்; ஃப்ளாப்பில் நான்கு, இரண்டு, ஐந்து. எட்டுக்கு மேல் ஒரு சீட்டும் வராத ஃப்ளாப் 13 சதவீதம்தான் அமையும், ரேமருக்கு அது அந்த நேரம் பார்த்து அமைந்தது. இந்த இரண்டு கைகளிலிருந்தும் நடுத்தர ஜோடியின் பலம் பற்றி எதையும் நிரூபிக்க முடியாது. ஆளுக்கொரு சீட்டு வந்தது, அவ்வளவே.

என் தீர்ப்பு இது. நடுத்தர ஜோடி முதலில் அடிப்பவரின் ஆயுதம். அடி வாங்கிக்கொண்டு நிற்பவருக்குக் கேடயமாக உதவாது. பட்டனில் இருப்பவர் வழக்கம்போல் கைக்கு வந்ததையெல்லாம் வைத்து ரெய்ஸ் செய்கிறார். நாம் ஸ்மால் பிளைண்டில், 20 பிளைண்ட், எட்டு ஜோடி. இங்கே கால் செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச வேண்டியவர் நாம்தான், கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது ஃப்ளாப்பில் எட்டைவிடப் பெரிய சீட்டு கிடக்கும். ஆல்-இன் தள்ளினால் அவர் வைத்திருக்கும் கைகளில் பெரும்பாலானவை மேற்கொண்டு வராது. பரிசு நெருக்கடி இல்லாத வரை இதில் தயங்க எதுவும் இல்லை.

சிக்கலான இடம், முதல் ஆள் ரெய்ஸ் செய்து, நாம் பட்டனுக்கு முந்தைய நாற்காலியில் 30 பிளைண்டோடு இருப்பது. இங்கே எட்டு ஜோடியோடு கால் செய்ய சால்வர் நிரல்கள் இடம் தருகின்றன. அவற்றின் கணக்கில் பிழையில்லை. ஆனால் ராஜா விழுந்த ஃப்ளாப்பில் எதிராளி இரண்டு தடவை பந்தயம் கட்டும்போது, எத்தனைக்கு எத்தனை முறை நிற்க வேண்டுமோ அத்தனை முறை பிசகாமல் நிற்கும் என்ற அனுமானத்தில்தான் நிரல் அங்கே கால் செய்கிறது. அப்படி நிற்கத் தெரிந்தவருக்கு அது லாபம். மற்றவர்கள் அங்கே பத்து ஜோடியைத் திருப்பி ரெய்ஸ் செய்யலாம், ஒன்பதை ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம், ஆறையும் ஏழையும் யோசிக்காமல் வீசலாம். எட்டையும் வீசலாம் என்பேன்.