நகையும் தண்டனையும்: இன எள்ளல் பற்றிய ஓர் ஆய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைத் தொகுத்துக் கூறுமிடத்து நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்பது அவர் துணிபு. எள்ளலாவது இகழ்ச்சி, இளமையாவது பிள்ளைத்தன்மை, பேதைமையாவது அறியாமை, மடனாவது, பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு அதனை விடாதிருத்தல். இவை பிறர்பாற் கண்டு நகுதற்கு மட்டுமன்றித் தன்பால் தோன்றி நகுதற்கும் உரியன என உரைகாரர் கொள்வர். நகையின் தோற்றுவாய் ஒன்றன்று என்னும் இவ்வுண்மை இலக்கிய ஆராய்ச்சிக்கு மாத்திரம் உரியதன்று. இன்று உலக நீதிமன்றங்களில் எழுந்துள்ள ஒரு வழக்கினைத் தீர்ப்பதற்கும் அது துணைசெய்யும்.

அவ்வழக்கு யாது? ஓரினத்தாரின் நிறத்தையோ பேச்சையோ பட்ட துன்பத்தையோ பொருளாகக் கொண்டு நகையாடுவோனைச் சட்டம் தண்டித்தல் தகுமா என்பது. தகுமெனின், அவன் உள்ளக்கருத்தை ஆராய்ந்த பின்னரே தண்டித்தல் வேண்டுமா, அன்றிக் கேட்டோர் புண்பட்டனர் என்பதே போதுமா என்பது அடுத்த வினா. “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பது ஒருசாரார் விடை. “எமக்கு நொந்தது, அதுவே சான்று” என்பது மறுசாரார் விடை. இவ்விரண்டுள் எதுவும் முழு உண்மையன்று என்பதைப் பிரித்தானியச் சட்ட வரலாறு தெளிவுறக் காட்டும். அந்நாடு அறுபது ஆண்டுகளாக இவ்விரு விடைகளுக்குமிடையே ஊசலாடி வந்துள்ளமையின், அதனையே இங்கு எடுத்துக்கொள்வாம்.

1965 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் இன உறவுச் சட்டத்தை இயற்றியது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாக்கிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்தும் குடியேறியோர் வெறுப்புக்கு ஆளாகிய காலம் அது. நிறம், இனம் முதலியவற்றால் வேறுபட்ட ஒரு பகுதியினர்மீது பகையை மூட்டும் நோக்கத்துடன் அச்சுறுத்தும், வசைபாடும் அல்லது இழிவுபடுத்தும் சொற்களை வெளியிடுதல் குற்றமென அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு விதித்தது. ‘நோக்கத்துடன்’ என்னும் சொல்லே அப்பிரிவின் உயிர்நிலை.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் நிகழ்ந்தவை சிந்திக்கற்பாலன. 1967 ஆம் ஆண்டில் நாற்சிக் கொள்கையினராகிய கொலின் ஜோர்டன் என்பார் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதே ஆண்டில் திரினிடாட்டிற் பிறந்தவரும் கறுப்பின இயக்கத்தவருமாகிய மைக்கல் எக்ஸ் என்பார், வெள்ளையரைப் பழித்துப் பேசினாரென அதே சட்டத்தின்கீழ்ப் பன்னிரண்டு மாதச் சிறை சென்றார். மறு ஆண்டில், குடியேற்றத்துக்கெதிராகப் பத்திரிகை பரப்பிய சங்கமொன்றின் உறுப்பினர், பகை மூட்டும் நோக்கம் மெய்ப்பிக்கப்படாமையால் விடுதலை பெற்றனர். சிறுபான்மையோரைக் காக்க எழுந்த வேலி சிறுபான்மையோரையே மேயவுங் கூடும் என்பதனை இங்கே காண்கின்றோம்.

இதனினும் கொடியதொரு நிகழ்ச்சி 1976 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சவுத்தோல் பகுதியில் நடந்தது. குர்தீப் சிங் சாகர் என்னும் பதினெட்டு வயதுச் சீக்கிய இளைஞன் குத்திக் கொல்லப்பட்டான். சில நாட்களின் பின், தேசியக் கட்சியின் தலைவரான ஜோன் கிங்ஸ்லி ரீட் கூட்டமொன்றில் அக்கொலையைப் பொருளாகக் கொண்டு வேடிக்கை பேசினார். ‘குடியேறியோர்’ என்று கூறத் தமக்கு அனுமதியில்லையென நகையாடிக்கொண்டே இழிசொற்களை அடுக்கினார். ஒருவன் தொலைந்தான், இன்னும் பத்து இலட்சம் பேர் எஞ்சியுள்ளனர் என்னும் கருத்துப்படப் பேசினார். 1978 ஆம் ஆண்டில் அவர் விடுதலையானார். விசாரணை செய்த நீதிபதி மக்கினன் யூரர்க்கு வழக்கை எடுத்துரைக்கையில், தாம் பள்ளியிற் பயின்ற காலத்தில் தமக்கும் அத்தகைய பட்டப்பெயர் வழங்கியதென நினைவுகூர்ந்தார். விடுதலையான பின் எதிரிக்கு நல்வாழ்த்தும் கூறினார்.

இத்தீர்ப்பைக் கண்டோர் பலர், நோக்கத்தை ஆராய்வதனாலேயே நீதி பிறழ்ந்தது என்றனர். அக்கூற்று ஆராயத்தக்கது. நோக்கத்தை ஆராய்ந்தமை பிழையன்று. ஆராய்ந்த முறையே பிழை. ஒருவன் நகைக்க வைக்கவும் விரும்பலாம். அந்நகையாலேயே பகையை மூட்டவும் விரும்பலாம். ஒன்று இருப்பதனால் மற்றொன்று இல்லையெனக் கொள்ளுதல் தருக்கநெறியாகாது. கொலையுண்டவனின் ஈமக்கடன் முடியுமுன்னரோ முடிந்தவுடனோ, அவனினத்தார் அஞ்சி நடுங்கும் வேளையில், அவர்தம் எண்ணிக்கை குறைந்ததென மகிழ்ந்து பேசுவோன் யாது கருதினான் என்பதை அறிதற்கு அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தல் வேண்டா. பேசியது எவர், எவர் முன்னிலையில், எக்காலத்தில், எதனை அடுத்து என்பன தாமே சான்று பகரும். பள்ளித்தோழர் இட்ட பட்டப்பெயரும் பிணத்தின்மீது நின்று கூறிய இழிசொல்லும் ஒலியால் ஒன்றாயினும் பொருளால் ஒன்றல்ல.

இத்தகைய விடுதலைகள் தந்த கவலையால் சட்டம் மறுபக்கம் சாய்ந்தது. 1976 ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை என்றது. பகை மூளக்கூடும் என்பதே போதுமாயிற்று. 1986 ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டமோ, பகை மூட்டும் நோக்கமாவது, சூழ்நிலையை நோக்கப் பகை மூளக்கூடிய நிலையாவது, இரண்டிலொன்று இருத்தல் வேண்டும் என்றது. ஆயினும், அந்நோக்கமில்லாதவன் தன் சொல் இழிவுபடுத்தக்கூடியதென அறியாதிருந்தால் அவன் குற்றவாளியல்லன் என்னும் விலக்கையும் அது சேர்த்தது. முன்வாயிலால் வெளியேற்றிய உள்ளக்கருத்தைப் பின்வாயிலால் மீண்டும் அழைத்துக்கொண்டது எனலாம். அறிந்து செய்தவனையும் அறியாது செய்தவனையும் ஒருபடியாகத் தண்டித்தல் மனத்துக்கு ஒவ்வாமையே அதற்குக் காரணம்.

பின்னர் 2006 ஆம் ஆண்டில் சமயப் பகை பற்றிய சட்டம் வந்தபோது, நகைச்சுவை நடிகர் றோவன் அற்கின்சன் உள்ளிட்ட பலர் அதனை எதிர்த்தனர். ஓரினத்தில் பிறந்தமைக்காக ஒருவரை நகையாடுதல் வேறு, ஒரு கொள்கையை நகையாடுதல் வேறு என்பது அவர்தம் வாதத்தின் சாரம். அரசாங்கம் ஒரேயொரு வாக்கினால் தோல்வியுற்றது. சமயத்தைப் பொறுத்தமட்டில் அச்சுறுத்தும் சொல்லும் பகை மூட்டும் நோக்கமும் ஒருங்கே இருந்தாலன்றிக் குற்றமில்லை என முடிந்தது. எனவே, ஒரே நாட்டில் இனத்துக்கொரு தராசும் சமயத்துக்கொரு தராசும் இன்றும் உள்ளன.

இனி ஸ்கொட்லாந்து வழக்கொன்றை நோக்குவாம். 2016 ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் தம் காதலியின் நாய்க்குட்டியை நாற்சியர் முறையில் முன்கால் உயர்த்தி வணங்கப் பழக்கினார். யூதரை நச்சுவாயுவால் கொல்லுக எனப் பொருள்படும் தொடரைக் கூறுந்தோறும் அந்நாய் கிளர்ச்சியுறுவதைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிட்டார். காதலியைச் சினமூட்டுவதே தம் நோக்கம் என்றார். 2018 ஆம் ஆண்டில் எயார்ட்றி நகர நீதிமன்று அவ்விளக்கத்தை ஏற்காது, தொடர்பாடற் சட்டத்தின்கீழ் மிகுந்த அருவருப்பூட்டும் செய்தியை அனுப்பினாரென அவரைக் குற்றவாளியாகக் கண்டு எண்ணூறு பவுண் அபராதம் விதித்தது.

அறுபது இலட்சம் யூதர் மாண்ட கொடுமையை நாய் விளையாட்டாக்கியமை அருவருக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. உற்றாரை இழந்த முதியோர் ஒருவர் அத்தொடரைக் கேட்பின் எத்துணை நோவார் என்பதை எவரும் உணரலாம். ஆயினும் அங்கே நிறுவப்பட்ட குற்றம் பகை மூட்டியமையன்று, அருவருப்பு விளைத்தமையே. அருவருப்பை அளக்கும் கோல் ஆளுக்காள் வேறுபடும். மேலும், அபராதம் அவ்விளைஞரைத் திருத்தியதுமில்லை. அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது. மறு ஆண்டே அவர் ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் வேட்பாளராக நின்றார். பேதைமையைக் குற்றமாக்கினால் அது வீரமெனப் பேர்பெறுதலும் உண்டு.

மறுதலையாகப் பிரான்சு தேசத்து நிகழ்ச்சியொன்று உளது. 2008 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் தியூதொனே என்னும் நகைச்சுவைக் கலைஞர் பரிசு நகர அரங்கொன்றில், யூதப் படுகொலையை மறுக்கும் போறிசோன் என்பாரை மேடையேற்றினார். வதைமுகாம் கைதியின் உடையணிந்த நடிகர் ஒருவரைக் கொண்டு அவருக்குப் பரிசும் வழங்குவித்தார். நீதிமன்று பதினாயிரம் யூரோ அபராதம் விதித்தது. 2015 ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமை மன்று அவர் முறையீட்டை ஏற்க மறுத்தது. நகைச்சுவை நிகழ்ச்சி என்னும் போர்வையில் அது அரசியற் கூட்டமாக மாறிவிட்டதென அம்மன்று கண்டது. இங்கே நோக்கம் ஆராயப்பட்டது. அரங்கின் திரை அதனை மறைக்கவில்லை. ரீட் என்பாரின் வழக்கில் தவறவிடப்பட்டது இவ்வாராய்ச்சியே.

இனி ஓர் ஆசங்கை எழும். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பர். எய்தவன் கருத்து யாதாயினும் புண்பட்டவன் புண் ஒன்றே அன்றோ? நாள்தோறும் பணியிடத்தில் தன் நிறத்தைப் பற்றிய கேலியைக் கேட்டுத் தலைகுனிந்து நிற்கும் தொழிலாளிக்கு, “அவன் வேண்டுமென்று சொல்லவில்லை” என்பது ஆறுதலாகுமா? ஆகாது. இவ்வாசங்கை வலியது, இதனை நகைத்துத் தள்ளுதல் இயலாது. ஆயின், புண்ணுக்கு மருந்து வேண்டும் என்பதும், எய்தவனுக்குச் சிறை வேண்டும் என்பதும் ஒன்றல்ல. அவுஸ்திரேலியா இவ்வேறுபாட்டை உணர்ந்து நடந்தது. 1975 ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுச் சட்டத்தில் 1995 ஆம் ஆண்டு சேர்த்த பகுதி, இனங்காரணமாக ஒருவரைப் பொதுவிடத்தில் இழிவுபடுத்துதல் சட்டமுரணானது என்கின்றது. புண்படுத்தும் நோக்கத்தை அது வேண்டுவதில்லை. ஆனால் அது குற்றவியலும் அன்று. மன்னிப்பும் இழப்பீடும் திருத்தமுமே அதன் பரிகாரங்கள். நன்னோக்குடன் செய்யப்படும் கலைப்படைப்புக்கு விலக்கும் உண்டு. விளைவை நோக்கிப் பரிகாரம் வழங்குக. உள்ளக்கருத்தை நோக்கித் தண்டனை வழங்குக என்னும் நெறி இதனின்றும் பெறப்படும்.

இவ்வாராய்ச்சி நம் நாட்டுக்கும் புறம்பானதன்று. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையைத் தழுவி 2007 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 56 ஆம் இலக்கச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டுமளவுக்கு இன, சமய வெறுப்பைப் பரப்புதலையே குற்றமாக்கும். அதற்குப் பத்து ஆண்டுவரை கடூழியச் சிறையுண்டு. பிணை வழங்கும் அதிகாரம் மேல்நீதிமன்றுக்கே உரியது. சொல்லளவில் அது செவ்விய பிரிவு. எனினும் 2019 ஆம் ஆண்டில் ஹசலகையில் முஸ்லிம் பெண்ணொருவர், தம் ஆடையிற் பொறித்திருந்த சக்கரங் காரணமாகக் கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். தருமச்சக்கரமெனக் கருதப்பட்ட அது கப்பலின் சுக்கானாழியே. 2023 ஆம் ஆண்டில் நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் புத்தசமயம் பற்றிய பகிடிக்காகக் கைதாகி ஒரு மாதத்துக்கு மேல் மறியலில் இருந்த பின்னரே மேல்நீதிமன்றாற் பிணை பெற்றார். தூண்டும் நோக்கத்தைத் தேடாது, பார்த்தோர் நொந்தனர் என்பதையே அளவுகோலாக்கினால், பெருந்தொகையினரின் நோவு மட்டுமே சட்டத்தின் செவியில் விழும். சிறுதொகையினரின் நோவு விழாது. ஆதலால் சிறுபான்மையோராகிய நாமே நோக்கத்தை ஆராயும் நெறியைப் போற்றுதற்கு முதற்கண் கடமைப்பட்டுள்ளோம்.

தொகுத்து நோக்குமிடத்து, தொல்காப்பியர் வகுத்த நான்கும் இங்கே பயன்படுதலைக் காணலாம். பகை வளர்க்கக் கருதி எழும் எள்ளல் ஒன்றே சிறைக்குரியது; அதனையும் சூழ்நிலையாற் துணிந்து தெளிதல் வேண்டும். பேதைமையால் எழும் கேலிக்கு அறிவுறுத்தலும் மன்னிப்புக் கேட்பித்தலும் தகும். இளமையால் எழுவதை ஆசிரியரும் பெற்றோரும் திருத்துவர். மடன் இவை யாவற்றினும் கடியது. தந்தை சொல்லத் தான் கேட்ட கதையை மகனுக்குச் சொல்வோன் எவரையும் வெறுப்பதாக எண்ணுவதேயில்லை. அவனைச் சட்டம் தீண்டாது, தீண்டினாலும் திருந்தான்.

பண்புடைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், விளையாட்டின்கண்ணும் பிறரை இகழ்தல் இன்னாதது என்னும் கருத்தை வைத்தார். அதற்கு அவர் தண்டமொன்றும் விதித்திலர்; பண்புடையார் ஒழுகலாற்றுள் அதனை அடக்கினார். தண்டிக்கப்படாதது எல்லாம் தகுமென எண்ணுதல் கூடாது என்பதே இதன் கருத்து. நீதிமன்றின் எல்லை முடியுமிடத்தில் பள்ளியின் எல்லை தொடங்குகின்றது. மலையகத்தாரின் பேச்சையும், முஸ்லிம்களின் பழக்கங்களையும், தீவார், வன்னியார் நடையையும் நகைப்பொருளாக்கும் கதைகள் நம் வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் வழங்கும்வரை, பிறர் நம்மை நகைப்பதைக் குறைகூற நமக்குள்ள உரிமை பாதியே. அக்கதை கேட்டு ஏனையோர் நகைக்கும்போது நகையாதிருக்கும் ஒரு மாணவன், எந்தச் சட்டமும் செய்யமாட்டாத காரியத்தைச் செய்தவனாவான்.