கொலுவில் இருக்கும் காந்தி, அட்டையில் இல்லாத காந்தி

இசைத்தட்டின் உறை என்றால் தட்டில் கீறல் விழாமல் காக்கும் வெறும் அட்டை என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். அதையும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படமாக ஆக்கிய பெருமை பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' (1967) தொகுப்புக்கு உண்டு. மேல்நாட்டார் இதைப் பற்றி எழுதித் தள்ளிவிட்டார்கள். வாஷியில் இருந்துகொண்டு நவராத்திரிக்குப் படி கட்டும் என் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பீட்டர் பிளேக், ஜான் ஹாவர்த் என்னும் ஓவியத் தம்பதியர் வடிவமைக்க, மைக்கேல் கூப்பர் லண்டனில் எடுத்த படம் இது. பூங்காவில் கச்சேரி முடித்த பாண்டு வாத்தியக் குழு, அதைச் சூழ்ந்து நிற்கும் ரசிகர் கூட்டம் என்பது கற்பனை. கூட்டத்தில் ஆளுயர அட்டை உருவங்களாகக் கார்ல் மார்க்ஸ், மர்லின் மன்றோ, மார்லன் பிராண்டோ, லாரல், ஹார்டி எல்லோரும் நிற்கிறார்கள். முன்னால் பூப்பாத்தி. அங்கே தொலைக்காட்சிப் பெட்டி, ஸ்நோ ஒயிட் பொம்மை, அவற்றோடு நாலு கைகளுடன் நம்ம லட்சுமி பொம்மை! அட, இது கொலுதானே என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா?

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் கொலுவில் படிக்கு ஒரு பொருள் இருக்கிறது. தரையில் கேழ்வரகு முளைத்த பூங்கா, அதற்கு மேல் கடை விரித்த செட்டியார், பிறகு மகான்கள், மேலே தெய்வங்கள். பீட்டில்ஸ் அட்டையில் இப்படி ஏற்ற இறக்கம் இல்லை. யோகியும் குத்துச்சண்டை வீரரும் ஒரே கூட்டத்தில். அதுவே அதன் அழகு. அதுவே அதன் குறையும்கூட. ஜார்ஜ் ஹாரிசன் 1966-இல் பம்பாய்க்கு வந்து ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர். பாபாஜி, லாஹிரி மகாசயர், யுக்தேஸ்வர், யோகானந்தர் ஆகிய நால்வரையும் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். அவர் ஈடுபாட்டில் பொய் இல்லை. ஆயினும் அறியாதவர் பார்வையில் அந்த நால்வரும் கூட்டத்தில் யாரோ நாலு பேர்தான். லட்சுமியோ தோட்டத்து அலங்காரம்.

இதைவிடப் பெரிய சங்கதி, அட்டையில் இல்லாதவரைப் பற்றியது. காந்தியடிகளின் உருவமும் முதலில் அங்கே இருந்தது. இ.எம்.ஐ. நிறுவனத் தலைவர் சர் ஜோசப் லாக்வுட், இந்தியர் மனம் புண்படும், அங்கே விற்பனை கெடும் என்று அஞ்சினார். காந்தியைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். முந்தைய ஆண்டுதான் ஏசுவை ஒப்பிட்டு ஜான் லென்னன் சொன்ன ஒரு வார்த்தைக்காக அமெரிக்காவில் இவர்கள் தட்டுகளைக் கொளுத்தியிருந்தார்கள். சூடு கண்ட பூனையின் பயம் புரிகிறது. ஆனாலும் லட்சுமி தரையில் இருக்கலாம், காந்தி மட்டும் கூடாது என்பது என்ன கணக்கு? நம் மனம் எதற்குப் புண்படும் என்பதை நம்மைக் கேட்காமலே முடிவு செய்த கணக்கு அது.

நம் வீட்டுக் கொலுக்களில் தடி ஊன்றிய காந்தி பொம்மை எத்தனையோ காலமாக நிற்கிறது. பக்கத்தில் போலீஸ்காரர், பாம்பாட்டி, கிரிக்கெட் கோஷ்டி. யாரும் முகம் சுளித்ததில்லை. ஏனென்றால் யாரை எங்கே வைக்கிறோம் என்று யோசித்து வைக்கிறோம்.

மாநிலம் விட்டு வந்து வாழும் நமக்கு இது வெறும் அட்டைப் பேச்சு அல்ல. இங்கே பிறந்த பிள்ளைகள், தீபாவளிக்கு மராட்டிய நண்பர்கள் கட்டும் மண்கோட்டையின் சிவாஜி மகாராஜா பொம்மையையும் கொலுவில் வைக்கக் கேட்கிறார்கள். "நாலு பேர் என்ன சொல்லுவாங்களோ" என்று மறுப்பது லாக்வுட் செய்த வேலை. கண்ட இடத்தில் செருகுவது பீட்டில்ஸ் செய்த வேலை. எந்தப் படி, யார் பக்கத்தில், ஏன் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி வைப்பதுதான் நம் வேலை.