யாருக்கு விலை அதிகம்?

பொருளின் விலை எல்லோருக்கும் ஒன்றுதான், கூடுதல் குறைவு என்பது அவரவர் கையிருப்பைப் பொறுத்த உணர்வு என்பார்கள். இதில் பின்பாதி உண்மை. ஒரே தொகை வசதி குறைந்தவருக்கே பெரிது என்பதை கணிதவியலாளர் டேனியல் பேர்னூலி 1738இலேயே கணக்காக எழுதிவிட்டார். முன்பாதி பொய். அது இலங்கையின் வரிப்பத்தான்சேனை வயல்வட்டைகளில் பெரும்போக அறுவடையின்போது அம்பலமாகிறது.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் அறிவித்தது. அந்த விலை கிடைக்க ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. மெஷின் வெட்டிக் கொட்டும் நெல்லோ அதைவிட ஈரம். காயப்போடக் களமும் மூடை அடுக்க அறையும் உள்ளவர் பொறுத்திருந்து விற்கிறார். தன் நெல்லையே குற்றிச் சாப்பிடுகிறார். வெட்டுக்கூலியும் உரக்கடைக் கடனும் நெருக்கும் சிறு விவசாயி, வரம்படியிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார். சில மாதங்களில் அவரே கடையில் அரிசி வாங்க நிற்கிறார். 2024 டிசம்பரில் அரசாங்கம் நிர்ணயித்த நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை 230 ரூபாய். குற்றும்போது குறையும் எடையையும் ஆலைச் செலவையும் கழித்தே பார்த்தாலும், விற்றபோதும் வாங்கும்போதும் நட்டம் அவருக்குத்தான். இது உணர்வல்ல, கணக்கு.

வசதியுள்ளவரும் விலை கூடிப்போச்சு என்கிறாரே? அவர் ஒப்பிடுவது நேற்றைய விலையோடு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமானபோது எல்லா வீட்டிலும் அதே முறைப்பாடுதான். ஆனால் ஒரு வீட்டில் பால்மா வாங்கிச் சேமிப்புக் குறைந்தது. இன்னொரு வீட்டில் பிள்ளைகள் பிளேன்டீ குடித்தார்கள். இரண்டு முறைப்பாட்டையும் சமமாக வைப்பது அநியாயம்.

இஸ்லாத்தின் கட்டாயக் கொடையான ஸகாத் இந்த வசதி வேறுபாட்டைக் கவனிக்கிறது. மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று, குறித்த அளவுக்குக் குறைவாக விளைந்தால் கடமையே இல்லை. 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியோ வாங்குபவர் யாரென்று பார்ப்பதில்லை.

ஆகவே, ஒரு பொருள் விலை கூடியதா என்பதற்குச் சரியான அளவுகோல், அதை வாங்குவதற்காக வீட்டில் எதைக் கைவிடவேண்டி வருகிறது என்பதே. காத்திருக்க முடியாமையும் விலையில் சேர்கிறது. அதனால் நிவாரணப் பணம் மட்டும் போதாது. ஊருக்குப் பொதுவான உலர்த்துகளமும் களஞ்சியமும், மூடையை ஈடாக வைத்து அறுவடைக் கடனும் கிடைத்தால், சிறு விவசாயிக்கு அரிசியின் விலை உண்மையிலேயே இறங்கும்.