வேகமும் அதன் விலையும்

திறந்த மூலப் பணிசெயல் முறைமைகளில் வலையமைப்புப் பொதிகளைக் கடத்தும் ஆற்றலைப் பெருக்க எழுந்த முயற்சிகள் பெரும்பாலும் ஓர் எண்ணைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன: செக்கனுக்கு எத்தனை பொதிகள் என்பதே அது. அவ்வெண் எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பது நோக்கற்பாலது.

10 கிகாபிற் ஈதர்நெற் இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் செக்கனுக்கு 148.8 இலட்சம் வரை வரக்கூடும். ஒரு பொதிக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 67 நனோசெக்கன் மாத்திரமே. பொதிதோறும் நினைவிடம் ஒதுக்கி, பிரதியெடுத்து, குறுக்கீடு எழுப்பும் பழைய முறை இவ்வவகாசத்துள் அடங்காது. மிகுசுமையில் கணனி குறுக்கீடுகளுக்கு விடையிறுப்பதிலேயே காலங்கழித்து, ஒரு பொதியையேனும் கடத்தாது முடங்கக்கூடும் என்பதை மோகலும் இராமகிருஷ்ணனும் 1996 இலேயே எடுத்துக்காட்டினர். குறுக்கீட்டை நிறுத்தி, முறைவைத்து வினவிப் பொதிகளைத் தொகுதியாகப் பெறுதலே அவர்கள் கண்ட வழி. லினக்ஸின் 'நாப்பி' அவ்வழிப்பட்டதே.

2012 இல் லூயிஜி றிசோ வெளியிட்ட 'நெற்மப்' ஒருபடி மேற்சென்றது. நினைவிடங்களை முன்னரே ஒதுக்கிப் பயனர் நிரலோடு பகிர்ந்து, 900 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கிய ஒரே செயலிக் கருவினால் மேற்கூறிய உச்ச வீதத்தை அது எட்டியது. முறைமையின் பாதுகாப்பைக் கைவிடாமலே இதனைச் சாதித்தமை அதன் தனிச்சிறப்பு.

எனினும், அவ்வெண் பொதிகளை அனுப்பும் வீதமேயன்றி வழிப்படுத்தும் வீதமன்று. வழியட்டவணையை நாடல், வடிகட்டல், கணக்கிடல் ஆகிய பணிகள் அதனுள் அடங்கா. உட்கருவைத் தாண்டிச் செல்லும் நிரல் அங்கு பல்லாண்டுகளாகப் பலர் கூடிச் செப்பனிட்ட பொதுச் சொத்தையும் தாண்டிச் செல்கின்றது. ஆதலின் அப்பணிகளை ஒவ்வொருவரும் தனித்தனியே மீள எழுத நேரிடுகின்றது. வேகத்தின் உண்மையான விலை இதுவே.

2016 இல் லினக்ஸில் இணைக்கப்பட்ட 'எக்ஸ்டிபி' இக்குறையை உணர்ந்தெழுந்தது எனலாம். முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட சிறுநிரல், பொதி வந்த கணமே உட்கருவினுள் இயங்குகின்றது. வழியட்டவணையும் அதற்குக் கைகொடுக்கின்றது. உட்கருவை முற்றாகத் தவிர்க்கும் 'டிபிடிகே' இதனிலும் விரைவானது என்பதை எக்ஸ்டிபியை ஆக்கியோரே 2018 இல் ஒப்புக்கொண்டனர். அவ்வொப்புதல் தோல்வியன்று, எதனை இழந்து எதனைப் பெறுகின்றோம் என்னும் தெளிவாகும்.

திறந்த மூலத்தின் வலிமை வேகத்தில் மட்டும் தங்கியதன்று. ஒருவர் செய்த திருத்தம் அனைவர்க்கும் பயன்படுதலே அதன் உயிர்நிலை. அதனைப் பேணியவாறு பெறும் வேகமே நிலைத்த வளர்ச்சியாகும்.